ஆசியக் கோப்பையில் இந்தியக் கால்பந்து: ஐந்து முறை உள்ளே போனது எப்படி, இம்முறை வெளியே நிற்பது ஏன்?

2025 அக்டோபர் 14 அன்று கோவாவின் ஃபதோர்டா மைதானத்தில் சிங்கப்பூரிடம் 1-2 என்ற கணக்கில் இந்தியா தோற்றது. 2027 ஜனவரியில் சவுதி அரேபியாவில் தொடங்கும் ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு இடமில்லை என்பது அன்றிரவே உறுதியானது. குழுவில் இன்னும் இரண்டு ஆட்டங்கள் மிச்சமிருந்தும் கதவு மூடிவிட்டது.

செய்தியைப் படித்த பலருக்கும் குழப்பம். 1964இல் இதே கோப்பையில் இரண்டாம் இடம் பிடித்த நாடு, 2019, 2023 என்று அடுத்தடுத்து இரண்டு முறை தகுதி பெற்ற அணி, 24 அணிகள் ஆடும் தொடரில்கூட இடம்பிடிக்க முடியாமல் போனது எப்படி? இரண்டு ஆட்டங்கள் பாக்கியிருக்கும்போதே வெளியேற்றம் எப்படி உறுதியாகும்?

விடை தேட, இரண்டு கேள்விகளைத் தனித்தனியே பிரித்துக்கொள்ள வேண்டும். இந்தியா ஒவ்வொரு முறையும் எந்த வழியாகத் தொடருக்குள் போனது என்பது ஒன்று. போன பிறகு என்ன செய்தது என்பது மற்றொன்று. நம் பேச்சில் இவை இரண்டும் கலந்துவிடுகின்றன. "தகுதி பெற்றோம், ஆகவே முன்னேறினோம்" என்று எடுத்துக்கொள்கிறோம். பதிவேட்டைப் புரட்டினால் அப்படித் தெரியவில்லை.

## முதலில் அடிப்படைகள்

1. ஆசியக் கோப்பை என்பது ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு 1956 முதல் நடத்திவரும் தேசிய அணிகளுக்கான தொடர். பொதுவாக நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும். 2027இல் நடப்பது 19ஆவது தொடர்.

2. ஆடும் அணிகளின் எண்ணிக்கை ஒரே சீராக இருந்ததில்லை. 1956, 1960, 1964 ஆகிய முதல் மூன்று தொடர்களில் நான்கே அணிகள். 1984இல் பத்து. 2004 முதல் 2015 வரை பதினாறு. 2019 முதல் இருபத்து நான்கு. இந்தியாவின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்த எண்கள் மிக முக்கியம்.

3. 24 அணிகள், நான்கு நான்காக ஆறு குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் முதல் இரண்டு இடங்கள் நேராக நாக் அவுட் சுற்றுக்குப் போகும். மூன்றாம் இடம் பிடித்த ஆறு அணிகளில் சிறந்த நான்கும் போகும். அதாவது 24இல் 16 அணிகள் லீக் சுற்றைத் தாண்டிவிடும்.

4. இரண்டு அணிகள் சம புள்ளிகளில் இருந்தால், முதலில் பார்ப்பது மொத்தக் கோல் வித்தியாசத்தை அல்ல. அந்த இரு அணிகளும் தங்களுக்குள் மோதியபோது யார் வென்றார்கள் என்பதையே பார்ப்பார்கள். 2019இல் ஷார்ஜாவில் இந்தியாவுக்கு நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த விதி தேவைப்படும்.

## 1964: வெள்ளியின் உண்மையான எடை

இந்தியாவின் மிகப் பெரிய ஆசியக் கோப்பைச் சாதனையைப் பற்றி இரண்டு விதமான மிகைகள் உலவுகின்றன. "நாம் இறுதிப் போட்டி வரை போனவர்கள்" என்பது ஒன்று. "எல்லோரும் விலகியதால் கிடைத்தது, அதில் ஒன்றுமில்லை" என்பது இன்னொன்று. இரண்டுமே சரியல்ல.

இஸ்ரேலில் நடந்த அந்தத் தொடரில் இறுதிப் போட்டி என்ற ஒன்றே கிடையாது. இஸ்ரேல், இந்தியா, தென் கொரியா, ஹாங்காங் ஆகிய நான்கு அணிகளும் ஒன்றோடொன்று மோதின. அதிகப் புள்ளி எடுத்த அணிக்குக் கோப்பை. தொடருக்குப் பதிவுசெய்த அணிகளில் பெரும்பாலானவை விலகிக்கொண்டன. போட்டியை நடத்திய நாடு இஸ்ரேல் என்பதற்கு அதில் பெரும் பங்குண்டு. எதிரணிகள் விலகியதால் தகுதிச் சுற்றில் ஓர் ஆட்டமும் ஆடாமலே இந்தியா உள்ளே போனது. இது மறைக்க வேண்டிய செய்தி அல்ல. ஆனால் முழுச் செய்தியும் அல்ல.

மே 27 அன்று தென் கொரியாவை 2-0 என்று இந்தியா வென்றது. அப்பலராஜு, இந்தர் சிங் ஆகியோர் கோல் அடித்தனர். ஜவஹர்லால் நேரு மறைந்ததும் அதே நாளில்தான். இரண்டு நாள் கழித்து இஸ்ரேலிடம் 0-2 என்று தோல்வி. ஜூன் 2 அன்று ஹாங்காங்கை 3-1 என்று வீழ்த்தியது. இந்தர் சிங், சமாஜ்பதி, கேப்டன் சுனி கோஸ்வாமி ஆகியோரின் கோல்கள். மூன்று ஆட்டங்களிலும் வென்ற இஸ்ரேல் முதலிடம், இரண்டில் வென்ற இந்தியா இரண்டாமிடம். தொடரில் அதிகக் கோல் அடித்தவர்கள் பட்டியலில் இஸ்ரேலின் ஸ்பீக்லரோடு இந்தர் சிங்கும் இருந்தார். ஆளுக்கு இரண்டு கோல்.

தென் கொரியாவை வென்றது தற்செயல் அல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் அதே தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கிய அணியின் தொடர்ச்சிதான் இது. கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ், நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்காக 1955, 1958 ஆகிய ஆண்டுகளில் டூரண்ட் கோப்பை வென்றவர். தடுப்பில் ஜர்னைல் சிங், முன்களத்தில் சுனி கோஸ்வாமி என்று ஆசியாவின் எந்த அணியிலும் இடம்பிடிக்கக்கூடியவர்கள் அதில் இருந்தார்கள். அந்த அணியை உருவாக்கிய பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம் 1963இல் புற்றுநோயால் இறந்துவிட்டார். 1964இல் பொறுப்பில் இருந்தவர் ஹாரி ரைட் என்ற ஆங்கிலேயர்.

என் மதிப்பீடு இது: உள்ளே போன வழி எளிதாக இருந்தது, உள்ளே ஆடிய ஆட்டம் தகுதியானது. இரண்டையும் சேர்த்தே அந்த வெள்ளியை எடைபோட வேண்டும்.

## இருபது ஆண்டு இடைவெளி, பிறகு சிங்கப்பூர்

1968இல் தகுதிச் சுற்றிலேயே தோல்வி. 1972, 1976, 1980 தொடர்களில் இந்தியா கலந்துகொள்ளவே இல்லை. அந்த நாள்களில் இந்தியக் கால்பந்து நிர்வாகத்தின் கண் ஆசிய விளையாட்டுப் போட்டி மீதும் மலேசியாவின் மெர்டேக்கா கோப்பை மீதும்தான் இருந்தது. 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற அணி, இரண்டு ஆண்டு கழித்து வந்த ஆசியக் கோப்பையில் பெயரே கொடுக்கவில்லை என்பதை இன்று நினைத்தால் மனம் ஆறவில்லை. ஈரானும் குவைத்தும் கொரியாவும் ஒருவரோடொருவர் மோதி வளர்ந்த பத்தாண்டு அது.

1984இல் கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் தகுதிச் சுற்று நடந்தது. சொந்த மண்ணில் ஆடிய இந்தியா, தென் கொரியாவுக்கு அடுத்த இடத்தைப் பிடித்துத் தகுதி பெற்றது. யூகோஸ்லாவியப் பயிற்சியாளர் மிலோவன் சிரிச்சின் கீழ் சிங்கப்பூருக்குப் போன அணி அங்கே நான்கு ஆட்டங்கள் ஆடியது. போட்டியை நடத்திய சிங்கப்பூரிடம் 0-2, ஐக்கிய அரபு அமீரகத்திடம் 0-2, சீனாவிடம் 0-3. ஈரானோடு மட்டும் 0-0. நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. அன்றைய ஈரானைக் கோல் அடிக்கவிடாமல் நிறுத்தியது சிறிய காரியம் அல்ல. அந்த டிராதான் ஆசியக் கோப்பையில் இந்தியா இன்றுவரை எடுத்திருக்கும் ஒரே டிரா.

அதற்குப் பிறகு 27 ஆண்டுகள் வனவாசம். 2007 தொடருக்கான தகுதிச் சுற்றில் ஜப்பான், சவுதி அரேபியா, ஏமன் ஆகியவற்றோடு ஒரே குழுவில் ஆடி, ஆறு ஆட்டங்களிலும் தோற்றது.

## 2011: திறக்கப்பட்ட பக்கவாசல்

அப்படித் தோற்ற அணி அடுத்த தொடருக்கே எப்படித் தகுதி பெற்றது? வளர்ந்துவரும் நாடுகளுக்கென ஆசியக் கூட்டமைப்பு 2006இல் சேலஞ்ச் கோப்பை என்ற தனித் தொடரைத் தொடங்கியது. 2008, 2010 ஆண்டுகளில் அதை வெல்லும் அணிகளுக்கு 2011 ஆசியக் கோப்பையில் நேரடி இடம் என்று அறிவித்தது. 2008 தொடர் இந்தியாவில் நடந்தது. மழையால் ஹைதராபாத் மைதானம் சேறானதால் இறுதி ஆட்டம் டெல்லி அம்பேத்கர் மைதானத்துக்கு மாறியது. அங்கே தஜிகிஸ்தானை 4-1 என்று இந்தியா வென்றது. சுனில் சேத்ரி மூன்று கோல் அடித்தார்.

பயிற்சியாளர் பாப் ஹௌட்டன் கேட்டதற்கிணங்க, தோஹாவில் நடந்த 2011 ஆசியக் கோப்பைக்கு முன்பு வீரர்கள் கிளப்புகளிலிருந்து விடுவிக்கப்பட்டு மாதக்கணக்கில் ஒன்றாகப் பயிற்சி எடுத்தார்கள். அதற்குப் பிறகு எந்த இந்திய அணிக்கும் அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஆனாலும் முடிவுகள் கடுமையானவை: ஆஸ்திரேலியாவிடம் 0-4, பஹ்ரைனிடம் 2-5, தென் கொரியாவிடம் 1-4. பஹ்ரைனின் இஸ்மாயில் அப்துல்லதீஃப் தனி ஆளாக நான்கு கோல் அடித்தார். கொரியாவுக்காக ஒரு கோல் அடித்த பதினெட்டு வயதுப் பையன் பின்னாளில் ஆசியாவின் மிகப் பெரிய நட்சத்திரமான சன் ஹியுங் மின்; அதுதான் அவருடைய முதல் சர்வதேசக் கோல். காயத்தோடு போன பாய்சுங் பூட்டியாவால் கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் மட்டுமே களமிறங்க முடிந்தது. கோல்கீப்பர் சுப்ரதா பால் எத்தனையோ பந்துகளைத் தடுத்தும் மூன்று ஆட்டங்களில் 13 கோல் விழுந்தது.

பக்கவாசல் நிரந்தரம் அல்ல. 2012 சேலஞ்ச் கோப்பையில் இந்தியா மூன்று லீக் ஆட்டங்களிலும் தோற்றது. 2014 சேலஞ்ச் கோப்பைக்குத் தகுதியே பெறவில்லை. ஆகவே 2015 ஆசியக் கோப்பையும் கைநழுவியது.

## 2019: ஷார்ஜாவின் கடைசி நிமிடம்

2015இல் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் குவாம் என்ற குட்டித் தீவிடம் 1-2 என்று தோற்று, ஐந்து அணிக் குழுவில் கடைசி இடத்தில் நின்றது இந்தியா. பழைய முறையாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் தொடர் 24 அணிகளாக விரிந்ததால் தோற்ற அணிகளுக்கும் இன்னொரு சுற்று கிடைத்தது. முதலில் லாவோஸை வென்று, பிறகு மியான்மர், கிர்கிஸ்தான், மக்காவ் ஆகியவற்றோடு ஒரு குழுவில் ஆடியது. அந்தக் குழுவில் முதல் இரண்டு இடங்களுக்கும் தகுதி உண்டு. 2017 அக்டோபரில் பெங்களூருவில் மக்காவை 4-1 என்று வென்று இந்தியா தகுதி பெற்றது.

பயிற்சியாளர் ஸ்டீஃபன் கான்ஸ்டன்டைனின் அணி 2019 ஜனவரி 6 அன்று அபுதாபியில் தாய்லாந்தை 4-1 என்று புரட்டிப்போட்டது. சேத்ரி இரண்டு, அனிருத் தாப்பா ஒன்று, ஜேஜே லால்பெக்லுவா ஒன்று. 1964க்குப் பிறகு ஆசியக் கோப்பையில் இந்தியாவின் முதல் வெற்றி. தாய்லாந்து தன் பயிற்சியாளரை உடனே பதவிநீக்கம் செய்தது. அடுத்து அமீரகத்திடம் 0-2 என்று தோற்றாலும் இந்தியா நன்றாகவே ஆடியது.

மூன்றாம் ஆட்டம் ஜனவரி 14, ஷார்ஜா, எதிரில் பஹ்ரைன். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே தடுப்பாட்ட வீரர் அனஸ் எடத்தொடிகா காயமடைந்து வெளியேறினார். அன்று கேப்டன் பட்டை பிரணய் ஹல்தரின் கையில். இந்தியா பின்னால் நின்று தடுத்துக்கொண்டே இருந்தது. 90 நிமிடமும் 0-0. கூடுதல் நேரத்தின் முதல் நிமிடத்தில் தன் பெனால்டி பகுதிக்குள் ஹல்தர் எதிரணி வீரரின் காலை இடறினார். ஜமால் ராஷித் பெனால்டியைக் கோலாக்கினார். 0-1.

அந்த ஒரு கோல் என்ன செய்தது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்:

1. அதே நேரத்தில் நடந்த இன்னோர் ஆட்டத்தில் அமீரகமும் தாய்லாந்தும் 1-1 என்று டிரா செய்தன. அமீரகத்துக்கு 5 புள்ளி, தாய்லாந்துக்கு 4.

2. இந்திய ஆட்டம் 0-0 என்று முடிந்திருந்தால் இந்தியாவுக்கும் 4 புள்ளி. தாய்லாந்தோடு சமம். ஆனால் நேருக்கு நேர் மோதலில் 4-1 என்று வென்றது இந்தியா. எனவே குழுவில் இரண்டாமிடம், நாக் அவுட் சுற்று.

3. பெனால்டிக்குப் பிறகு பஹ்ரைனுக்கு 4 புள்ளி, இந்தியாவுக்கு 3. இரண்டாம் இடத்திலிருந்து நேராக நான்காம் இடத்துக்கு, அதாவது கடைசிக்குச் சரிந்தது.

ஆட்டம் முடிந்த கையோடு கான்ஸ்டன்டைன் ராஜினாமாவை அறிவித்தார். ஹல்தரைப் பலரும் குற்றம் சொன்னார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு டிரா போதும் என்று 90 நிமிடமும் கோலை நோக்கிப் போகாமல் ஆடுகிற அணியில், ஏதோ ஒருவர் ஏதோ ஒரு நிமிடத்தில் தவறு செய்யத்தான் செய்வார். அன்றைய தோல்வியின் வேர் பின்வரிசையில் அல்ல, முன்வரிசையில் இருந்தது.

## 2023: நல்ல வழி, வெறுங்கை

2023 தொடருக்கு இந்தியா 2022 ஜூனில் கொல்கத்தாவில் தகுதி பெற்றது. கம்போடியாவை 2-0, ஆப்கானிஸ்தானை 2-1, ஹாங்காங்கை 4-0 என்று வென்று குழுவில் முதலிடம். அடுத்தடுத்து இரண்டு தொடர்களுக்குத் தகுதி பெற்றது வரலாற்றிலேயே முதல் முறை. சீனா நடத்துவதாக இருந்து, கோவிட் காரணமாகக் கத்தாருக்கு மாறி, 2024 ஜனவரியில் நடந்தது.

முதல் ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவை இடைவேளை வரை 0-0 என்று நிறுத்திவிட்டு, பிறகு 0-2 என்று தோற்றது. (ஆண்கள் ஆசியக் கோப்பையில் ஒரு பெண் தலைமை நடுவராக இருந்த முதல் ஆட்டமும் அதுதான்; அவர் ஜப்பானின் யோஷிமி யமாஷிடா.) உஸ்பெகிஸ்தான் இடைவேளைக்கு முன்பே மூன்று கோல் அடித்து 3-0 என்று வென்றது. சிரியாவிடம் 0-1. மூன்று ஆட்டம், பூஜ்யம் புள்ளி, பூஜ்யம் கோல். தொடருக்கு முன்பு தேசிய அணி ஒன்றாகப் பயிற்சி எடுத்தது சுமார் இரண்டு வாரம். 2011 அணிக்குக் கிடைத்த மாதங்களோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

## ஐந்து தொடர்களும் சேர்ந்து சொல்வது

மொத்தம் 16 ஆட்டங்கள். 3 வெற்றி, 1 டிரா, 12 தோல்வி. அடித்தது 12 கோல், வாங்கியது 33.

1964ஐத் தனியே எடுத்துவைத்துவிட்டுப் பார்த்தால் படம் இன்னும் தெளிவாகும். 1984 முதல் ஆடிய 13 ஆட்டங்களில் இந்தியா கோல் அடித்தது மூன்றே ஆட்டங்களில். பத்து ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. அடித்த ஏழு கோல்களில் நான்கு சுனில் சேத்ரி ஒருவருடையவை. கோல்கீப்பர்கள் மாறினார்கள், பயிற்சியாளர்கள் மாறினார்கள், ஆட்ட முறைகள் மாறின. கோல் வறட்சி மட்டும் மாறவில்லை.

## 2027: இம்முறை வழி எப்படிக் குறுகியது?

வெளிப்பார்வைக்கு முந்தைய தொடரும் இதுவும் ஒன்றுபோலத் தோன்றும்: இரண்டிலும் 24 அணிகள்தான். ஆனால் இடங்கள் பங்கிடப்பட்ட விதம் மாறியது.

1. 2023 தொடருக்கு உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலிருந்து 13 அணிகள் நேராகப் போயின. மீதி 11 இடங்கள் கடைசிக் கட்டத் தகுதிச் சுற்றுக்கு. அங்கே ஆறு குழுக்களின் முதலிடங்களும், இரண்டாம் இடம் பிடித்தவற்றில் சிறந்த ஐந்தும் தேறின.

2. 2027 தொடருக்கு உலகக் கோப்பைத் தகுதியின் இரண்டாம் சுற்றிலிருந்தே 18 அணிகள் போய்விட்டன. அந்தச் சுற்றில் ஒன்பது குழுக்கள். ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு இடங்கள்.

3. கடைசிக் கட்டத்துக்கு மிஞ்சியது ஆறே இடங்கள். ஆறு குழுக்கள், குழுவுக்கு ஒரு அணி. இரண்டாம் இடம் பிடித்தால் பயனில்லை.

ஆக, இந்தியாவுக்கு உண்மையான வாய்ப்பு இரண்டாம் சுற்றில்தான் இருந்தது. கத்தார், குவைத், ஆப்கானிஸ்தான் என்ற குழு. 2023 நவம்பரில் குவைத்துக்கே போய் 1-0 என்று வென்று நன்றாகத்தான் தொடங்கியது. கடைசியில் குவைத் 7 புள்ளியோடு இரண்டாமிடம். இந்தியா 5 புள்ளியோடு வெளியே.

பலருக்கும் நினைவிருப்பது 2024 ஜூன் 11 அன்று தோஹாவில் நடந்தது. சாங்டேயின் கோலால் இந்தியா 1-0 என்று முன்னிலையில் இருந்தபோது, எல்லைக்கோட்டைத் தாண்டிப்போன பந்தைக் கத்தார் வீரர் உள்ளே இழுத்துப் போட, அது கோலாக அறிவிக்கப்பட்டது. அந்தச் சுற்றில் வீடியோ நடுவர் முறை இல்லை. பிறகு இன்னொரு கோலும் விழுந்து 1-2 என்று தோல்வி. அநியாயம்தான், மறுக்க முடியாது. அன்று வென்றிருந்தால் 8 புள்ளியோடு இந்தியா இரண்டாமிடம் பிடித்திருக்கும்.

ஆனால் இன்னோர் ஆட்டத்தையும் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 2024 மார்ச் 26, குவாஹாத்தி. ஆப்கானிஸ்தானுக்கு எதிராக, தன் 150ஆவது சர்வதேச ஆட்டத்தில், சேத்ரி பெனால்டி மூலம் கோல் அடித்து இந்தியாவை முன்னிலையில் வைத்தார். கடைசி இருபது நிமிடங்களில் இரண்டு கோல் வாங்கி 1-2 என்று சொந்த மண்ணில் தோற்றது. அந்த ஆட்டத்தை வென்றிருந்தால், தோஹாவில் தோற்றிருந்தாலும் இந்தியாவுக்கு 8 புள்ளி, குவைத்துக்கு 7. தோஹா நடுவரைப் பற்றிப் பேசிய அளவில் பத்தில் ஒரு பங்குகூட நாம் குவாஹாத்தியைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்து வந்த கடைசிக் கட்டக் குழுவில் வங்கதேசம், ஹாங்காங், சிங்கப்பூர். நான்கில் ஃபிஃபா தரவரிசையில் மேலே இருந்தது இந்தியாதான். ஷில்லாங்கில் வங்கதேசத்தோடு 0-0. ஹாங்காங்கில் கூடுதல் நேரத்தில் கொடுத்த பெனால்டியால் 0-1. சிங்கப்பூரில் சந்தேஷ் ஜிங்கன் வெளியேற்றப்பட்ட பிறகு பத்துப் பேரோடு ஆடி, 90ஆவது நிமிடத்தில் ரஹீம் அலியின் கோலால் 1-1. ஃபதோர்டாவில் 1-2.

அத்தோடு எப்படி முடிந்தது? நான்கு ஆட்டங்களில் இந்தியாவுக்கு 2 புள்ளி. மீதி இரண்டையும் வென்றாலும் அதிகபட்சம் 8. சிங்கப்பூர், ஹாங்காங் இரண்டும் அப்போதே 8 புள்ளியில் நின்றன. அவை இரண்டும் தங்களுக்குள் இன்னோர் ஆட்டம் ஆட வேண்டியிருந்தது. அதில் யார் வென்றாலும், டிரா ஆனாலும்கூட, குறைந்தது ஓர் அணிக்கு 9 புள்ளி நிச்சயம். முதலிடத்துக்கு மட்டுமே தகுதி என்னும்போது 8ஐ வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றுமில்லை.

நவம்பர் 18 அன்று டாக்காவில் வங்கதேசத்திடமும் 0-1 என்று தோற்றது. 22 ஆண்டுகளில் அந்த நாட்டிடம் முதல் தோல்வி. அதே நாளில் ஹாங்காங்கை 2-1 என்று வென்று சிங்கப்பூர் தகுதி பெற்றது. 1984இல் போட்டியை நடத்தும் நாடு என்பதால் உள்ளே வந்த சிங்கப்பூர், தகுதிச் சுற்றில் ஆடி இடம்பிடிப்பது இதுவே முதல் முறை. அங்கே வாழும் தமிழர்களுக்கு இது உண்மையிலேயே பெருமையான நாள்.

## கோல் ஏன் வருவதில்லை?

அந்தக் கடைசிக் கட்டக் குழுவின் முதல் ஐந்து ஆட்டங்களில் இந்தியா அடித்தது இரண்டு கோல். 2024 ஜூனில் ஓய்வு பெற்ற சேத்ரியை, நாற்பது வயதில், 2025 மார்ச்சில் திரும்ப அழைத்ததே நிலைமையைச் சொல்லிவிடுகிறது. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்குப் பிறகு ஒருவரை உருவாக்காதவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதல் காரணம் கிளப் கால்பந்தில் இருக்கிறது. நாட்டின் முதன்மை லீக்கான இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) விதிப்படி ஓர் அணி ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டு வீரர்களைக் களமிறக்கலாம். அந்த நால்வரில் ஒருவர் பெரும்பாலும் நடு முன்கள வீரர். கோல் அடிக்க வேண்டிய ஆள். இந்திய முன்கள வீரர்கள் ஓரங்களுக்குத் தள்ளப்படுகிறார்கள், அல்லது மாற்று வீரராகக் கடைசிப் பத்து நிமிடம் ஆடுகிறார்கள். கிளப்புக்கு ஆடும்போது பெனால்டி பகுதிக்குள் பந்தைத் தொடாதவர் தேசிய அணிக்கு வந்தவுடன் கோல் அடிப்பார் என்று எதிர்பார்ப்பது முறையல்ல. சேத்ரி இந்தப் பழக்கம் வேரூன்றுவதற்கு முந்தைய காலத்தில் வளர்ந்தவர்.

இரண்டாவது, நேரம். லீக் அட்டவணையும் தேசிய அணியின் முகாமும் ஒவ்வொரு முறையும் மோதிக்கொள்கின்றன. 2025இல் அதைவிட மோசம்: அகில இந்தியக் கால்பந்துச் சங்கத்துக்கும் அதன் வணிகப் பங்காளருக்குமான ஒப்பந்தச் சிக்கலால் ஐஎஸ்எல் வழக்கமான காலத்தில் தொடங்கவே இல்லை. சிங்கப்பூருக்கு எதிரான இரண்டு முக்கிய ஆட்டங்களையும் லீக் ஆட்டப் பழக்கம் இல்லாத வீரர்களோடு ஆட வேண்டியதாயிற்று. நடுவில் பயிற்சியாளரும் மாறினார்; ஜூலையில் மனோலோ மார்க்கேஸ் விலக, ஆகஸ்ட்டில் காலித் ஜமீல் வந்தார்.

மூன்றாவதாகச் சொல்லப்படுவது வெளிநாட்டில் பிறந்த வீரர்கள் விவகாரம். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது; இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களே நாட்டுக்காக ஆட முடியும். ஷில்லாங்கில் வங்கதேசத்துக்காக முதல் முறையாக ஆடிய ஹம்ஸா சௌத்ரி இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்தவர். ஃபதோர்டாவில் இந்தியாவை வெளியேற்றிய இரண்டு கோல்களையும் அடித்த சோங் உய் யங் தென் கொரியாவில் பிறந்து சிங்கப்பூர்க் குடிமகனானவர். ஆஸ்திரேலியக் குடியுரிமையைத் துறந்து ரயன் வில்லியம்ஸ் 2025இல் இந்தியக் குடிமகனானது இந்தப் பின்னணியில்தான். ஓரிரு வீரர்கள் வந்தால் உதவும். ஆனால் முதல் காரணத்தைத் தொடாமல் இதை மட்டும் மருந்தாக நம்பினால் பத்தாண்டு கழித்தும் இதே கட்டுரையை எழுத வேண்டியிருக்கும்.

## அடுத்தது என்ன?

போட்டியை நடத்தும் நாடு என்ற முறையிலும் ஓர் வழி இருந்தது. 2027 தொடரை நடத்த இந்தியா விண்ணப்பித்து, 2022 டிசம்பரில் விலகிக்கொண்டது. சவுதி அரேபியா தனித்து நின்றது. நடத்தும் நாட்டுக்குத் தானாகவே இடம் உண்டு.

இனி கவனிக்க வேண்டியது தரவரிசை. 2023 ஜூலையில் ஃபிஃபா பட்டியலில் 99ஆம் இடத்தில் இருந்த இந்தியா, 2025 நவம்பரில் 142க்கு இறங்கியது. இது வெறும் கௌரவப் பிரச்சினை அல்ல. உலகக் கோப்பை, ஆசியக் கோப்பை இரண்டுக்குமான கூட்டுத் தகுதிச் சுற்றில், கடந்த முறை ஆசியாவின் முதல் 26 அணிகள் நேராக இரண்டாம் சுற்றில் நுழைந்தன. 27 முதல் 46 வரை உள்ளவை முதல் சுற்றில் இரண்டே ஆட்டங்கள் ஆடி, வென்றால்தான் மேலே வர முடியும். கடந்த முறை இந்தியா அந்தக் கோட்டுக்கு வெகு மேலே இருந்தது. 2025 நவம்பரிலோ கோட்டுக்குப் பக்கத்தில் நின்றது. அடுத்த சுற்றுக்கும் அதே முறை தொடர்ந்தால், நட்பு ஆட்டம் என்று நாம் அசட்டையாக விடும் ஒவ்வோர் ஆட்டத்தின் தரவரிசைப் புள்ளியும், 2027க்கு அடுத்த தொடருக்கான பயணத்தை இந்தியா எந்தச் சுற்றிலிருந்து தொடங்கும் என்பதைத் தீர்மானிக்கும்.